கார்பன் நானோகுழாய் படலம்: மின்சாரத்தையும் வெப்பத்தையும் எவ்வளவு கடத்துகிறது என்று அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பல்சுவர் கார்பன் நானோகுழாய் (கார்பன் தாளைச் சுருட்டிய மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர் கொண்ட மிக நுண்ணிய குழாய்) ஒன்றைத் தனியாகத் தொங்கவிட்டு அளந்தவர்கள், அறை வெப்பநிலையில் அதன் வெப்பக்கடத்துதிறன் 3000 வாட்/மீட்டர்-கெல்வினுக்கும் மேல் என்று 2001-இலேயே காட்டிவிட்டார்கள். தாமிரத்துக்கே 400 தான். (இனி வெப்பக்கடத்துதிறனுக்கு வரும் எண்கள் எல்லாம் இதே அலகில்தான்.) இதைப் படித்துவிட்டு ஆசையாக ஒரு படலம் செய்து அளப்பவருக்கு 30 வரும், சில சமயம் 10கூட வராது. உடனே குழாய் மட்டமான சரக்கு என்றோ கருவி கெட்டுப்போய்விட்டது என்றோ முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் இரண்டிலும் குற்றம் இருக்காது. குழாய் வேறு, படலம் வேறு, அவ்வளவுதான்.

படலம் என்பது வைக்கோல் போரை அழுத்தித் தட்டையாக்கிய மாதிரி ஒரு சமாச்சாரம். குழாயின் நீளம் சுமார் 1 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 4 மில்லிமீட்டர் நீளத் துண்டைக் கடக்க மின்சாரமோ வெப்பமோ குறைந்தது 4000 தடவை ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். தடையில் பெரும்பகுதி அந்தத் தாவலில்தான் இருக்கிறது, குழாய்க்குள் இல்லை. காந்தப்புலத்தில் குழாய்களை ஒரே திசையில் அடுக்கிச் செய்த ஒற்றைச்சுவர் படலம் அந்தத் திசையில் 200ஐத் தாண்டியது, அதே சரக்கைத் தாறுமாறாகப் படியவிட்ட பாயில் 30-35 தான் கிடைத்தது. முப்பரிமாணத்தில் இஷ்டத்துக்குக் கிடக்கும் குவியலோ சாதாரண பிளாஸ்டிக்கைவிட மோசமாக வெப்பம் கடத்தும் என்று 2009-இல் அளந்து காட்டினார்கள். எல்லாம் கார்பன் நானோகுழாய்தான்!

கீழே இருப்பது வடிகட்டிச் செய்யும் சாதாரணப் படலத்துக்கான முறை. பக்கிபேப்பர் என்று சொல்வார்களே, அதுதான். ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாமான்களை வைத்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகலாம்.

படி 1: குழாயைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒற்றைச்சுவர் குழாயா, பல்சுவர் குழாயா என்று முதலில் பாருங்கள். ஒற்றைச்சுவர் என்றால், தனியே பிரிக்காத கலவையில் மூன்றில் ஒரு பங்கு உலோகத்தன்மை கொண்டது, மீதி இரண்டு பங்கு குறைக்கடத்தி. உலோகக் குழாயும் குறைக்கடத்திக் குழாயும் சந்திக்கும் இடத்தில் ஒரு தடுப்புச்சுவர் உருவாகிவிடும், அங்கே எலெக்ட்ரான் தயங்கும். ராமன் நிறமாலை (லேசர் ஒளி பட்டுச் சிதறுவதைப் பிரித்துப் பார்ப்பது) எடுக்க வாய்ப்பிருந்தால் ஜி பட்டைக்கும் டி பட்டைக்கும் உள்ள விகிதத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், குறைபாடு எவ்வளவு என்று தெரியும் (டி பெரிதாக இருந்தால் குறைபாடு அதிகம்). காற்றில் எரித்து எடை பார்க்கும் டிஜிஏ-வையும் ஒருமுறை செய்துவிடுங்கள், ஏனென்றால் வினையூக்கியாகப் போட்ட இரும்பு சாம்பலாக மிஞ்சும், அது நிறைய மிஞ்சினால் பிறகு எடையை வைத்துப் போடும் கணக்கெல்லாம் சாய்ந்துவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை, இதை யாரும் தாண்டிப் போகக்கூடாது. உலர்ந்த தூள் மூச்சில் போவது ஆபத்து. ஒரு வகைப் பல்சுவர் குழாயைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் 2பி பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியாஷ் (NIOSH) அமைப்பு 2013-இல் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். துணி முகக்கவசம் இதற்கு உதவாது. தூளை மூடிய குப்பியில் எடை பார்த்து, அங்கேயே திரவம் ஊற்றி நனைத்துவிடுங்கள். நனைந்த பிறகு பயம் பாதி குறைந்துவிடும்.

படி 2: படலம் செய்வது

47 மில்லிமீட்டர் வடிகட்டித் தாளில் உண்மையாகப் படியும் பரப்பு சுமார் 10 சதுர சென்டிமீட்டர். 10 மில்லிகிராம் குழாய் எடுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது 20 மைக்ரோமீட்டர் தடிமனுக்குப் பக்கத்தில் ஒரு படலம் வரும். கையில் எடுத்துப் பிடிக்க இது போதும்.

100 மில்லிலிட்டர் தண்ணீரில் 1 சதவீதம் சோடியம் டோடெசில் சல்பேட் (குழாய்களைத் தண்ணீரில் பிரித்து வைக்கும் ஒரு சோப்பு) கரைத்து, குழாயைப் போட்டு, ஐஸ் தொட்டியில் வைத்து முனை சோனிகேட்டரால் (மீயொலியால் அதிரவைக்கும் கருவி) விட்டுவிட்டுக் கலக்குங்கள். இங்கேதான் ஆசை கெடுக்கும். கரைசல் மை மாதிரி கறுப்பாக, கட்டியில்லாமல் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் நன்றாகக் கலக்கட்டும் என்று மணிக்கணக்கில் விட்டால் சோனிகேட்டர் குழாய்களை உடைத்துக் குட்டையாக்கும், குட்டையானால் தாவல் அதிகம், தாவல் அதிகமானால் கடத்துதிறன் போச்சு. பார்க்க அழகான கரைசல், அளந்தால் மட்டமான படலம்.

அப்புறம் சென்ட்ரிஃபியூஜில் கட்டிகளை ஒதுக்கிவிட்டு, 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள டெஃப்லான் தாளில் வெற்றிட வடிகட்டல். டெஃப்லானில் தண்ணீர் தானாக இறங்காது, முதலில் கொஞ்சம் ஐசோபுரோப்பனால் விட்டு நனைத்துக்கொள்ளுங்கள். படலம் படிந்த பின் வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். எவ்வளவு கழுவ வேண்டும் என்று கேட்டால், கீழே இறங்கும் தண்ணீரை ஒரு சோதனைக்குழாயில் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள், நுரை வரும்வரை உள்ளே சோப்பு இருக்கிறது என்று அர்த்தம். நுரை நின்ற பிறகும் ஒரு சுற்று, கடைசியாக ஐசோபுரோப்பனால். மிஞ்சிய சோப்பு குழாய்களுக்கு நடுவே மின்கடத்தாப் பூச்சாக உட்கார்ந்துகொள்ளும். உலர்த்தும்போது இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ஓரம் சுருண்டு அப்பளம் ஆகிவிடும்.

ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் வேண்டுமென்றால் டெஃப்லானுக்குப் பதிலாக செல்லுலோஸ் எஸ்டர் தாளில் வடிகட்டி, கண்ணாடியில் ஒட்டி, தாளை அசிட்டோனில் கரைத்துவிடலாம். 2004-இல் வந்த உத்தி இது. 50 நானோமீட்டர் படலத்தில் தகட்டு மின்தடை சதுரத்துக்கு 30 ஓம் (சதுரமாக வெட்டிய துண்டின் எதிரெதிர் ஓரங்களுக்கு நடுவே உள்ள மின்தடை, சதுரம் சிறிதானாலும் பெரிதானாலும் அதே எண்தான்) எடுத்துக் காட்டினார்கள். ஆனால் தொங்கவிட்டு வெப்பம் அளக்க அது சரிப்படாது, நாம் தடித்ததையே வைத்துக்கொள்வோம்.

படி 3: எடையும் பரப்பும் முதலில், தடிமன் கடைசியில்

எல்லோரும் மைக்ரோமீட்டரை எடுத்துத் தடிமன் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார்கள். வேண்டாம். இந்தப் படலத்தில் பாதிக்கு மேல் காற்றுதான், திருகு இறுகும்போது படலமும் அமுங்கும், நீங்கள் எவ்வளவு இறுக்குகிறீர்களோ அதுதான் அளவு என்று ஆகிவிடும். அந்தப் பிழை அப்படியே மின்கடத்துதிறனிலும் வெப்பக்கடத்துதிறனிலும் ஏறும்.

அதனால் செவ்வகமாக வெட்டிய ஒரு துண்டின் பரப்பையும் எடையையும் மட்டும் துல்லியமாக எடுங்கள். வெற்றிடத்தில் உலர்த்தி எடுத்ததும் பாருங்கள், ஏனெனில் படலம் ஈரத்தைக் குடிக்கும். எடையைப் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வரும். நம் எடுத்துக்காட்டில் 10 கிராம். இந்த ஒரு எண்ணை வைத்தே பாதி வேலை முடியும்.

படி 4: தகட்டு மின்தடை

நான்கு ஊசி முறைதான், ஒரே வரிசையில் சம இடைவெளியில் நான்கு ஊசிகள். வெளி ஊசிகள் இரண்டில் மின்னோட்டம், உள் ஊசிகள் இரண்டில் மின்னழுத்தம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.532ஆல் பெருக்கினால் தகட்டு மின்தடை. அந்த 4.532 முடிவில்லாத பெரிய தகட்டுக்குத்தான் பொருந்தும். வட்டப் படலத்தின் விட்டம் ஊசி இடைவெளியைப் போல 10 மடங்குதான் என்றால் 4.17 போட வேண்டும், 20 மடங்கு என்றால் 4.44. சிலிக்கானுக்காகச் செய்த கூர்மையான டங்ஸ்டன் ஊசி இந்தப் படலத்தில் பொத்துக்கொண்டு இறங்கிவிடும், முனை உருண்டையாக உள்ள ஸ்பிரிங் ஊசியைப் போடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். காற்றில் இருக்கும் நானோகுழாய் படலத்தின் சீபெக் எண் (ஒரு டிகிரி வெப்ப வித்தியாசத்துக்குத் தானாக உண்டாகும் மின்னழுத்தம்) சுமார் 50 மைக்ரோவோல்ட்/கெல்வின். உங்கள் படலம் சதுரத்துக்கு 1 ஓம், நீங்கள் அனுப்புவது 1 மில்லி ஆம்பியர் என்றால் உள் ஊசிகளுக்கு நடுவே கிடைப்பது 220 மைக்ரோவோல்ட். அந்த ஊசிகளில் ஒன்று மற்றதைவிட ஒரே ஒரு டிகிரி சூடாக இருந்தால் போதும், 50 மைக்ரோவோல்ட் ஓசியில் சேர்ந்துவிடும். 20 சதவீதத்துக்கு மேல் பிழை! விளக்கின் சூடு, பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவது எல்லாம் அளவீட்டில் தெரியும். இதற்கு மருந்து எளிது. மின்னோட்டத்தைத் திசை மாற்றி மறுபடி அளந்து, இரண்டு மின்னழுத்தங்களின் வித்தியாசத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், வெப்ப மின்னழுத்தம் தானாகக் கழிந்துபோகும். மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினாலும் மின்தடை அதேதானா என்றும் பார்த்துவிடுங்கள். மாறினால் ஒன்று படலம் சூடாகிறது, இல்லை ஊசித் தொடர்பு சரியில்லை.

துண்டு ஒழுங்கற்ற வடிவம் என்றால் வான் டெர் பாவ் முறை இருக்கிறது. ஓரத்தில் நான்கு சிறு தொடர்புகள், இரண்டு திசையிலும் அளவு. இரண்டு திசைகளிலும் வரும் எண்கள் ரொம்ப வேறுபட்டால் குழாய்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து படிந்திருக்கலாம். அப்போது வான் டெர் பாவ் தருவது இரண்டு திசைகளின் பெருக்கு சராசரி மட்டுமே, திசைவாரியாக வேண்டுமானால் நீளத் துண்டுகளாக இரு பக்கமும் வெட்டித் தனித்தனியே அளப்பதுதான் நேர்வழி.

இங்கேயே தடிமன் இல்லாமல் ஒரு நல்ல எண் கிடைத்துவிடும். தகட்டு மின்தடையையும் சதுர மீட்டர் எடையையும் பெருக்கி, 1ஐ அதனால் வகுத்தால், அடர்த்திக்கு இவ்வளவு என்று மின்கடத்துதிறன் வரும். நம் படலத்துக்கு 100 சீமென்ஸ்-சதுர மீட்டர்/கிலோகிராம். தாமிரத்துக்கு சுமார் 6500. மின்சாரத்தில் தாமிரம் எங்கேயோ இருக்கிறது.

படி 5: வெற்றிடத்தில் வைத்துக் காத்திருங்கள்

வெப்ப அளவீடு வெற்றிடத்தில்தான் நடக்கும், அதற்கு முன் மின்தடையை வெப்பமானியாகப் பயன்படுத்தப் பழக வேண்டும். படலத்தின் மின்தடை வெப்பநிலைக்கு ஏற்ப மாறும், அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் பல படலங்களில் டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ, சூடேறினால் குறையும்.

தொல்லை என்னவென்றால், காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் ஈரமும் குழாயில் ஒட்டிக்கொண்டு மின்துளைகளை (எலெக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், இவையும் மின்சாரத்தைச் சுமக்கும்) உண்டாக்கி மின்தடையைக் குறைத்து வைத்திருக்கின்றன. வெற்றிடத்துக்குப் போனதும் அவை மெதுவாகக் கழன்றுகொள்ளும், மின்தடை ஏறிக்கொண்டே போகும். கொஞ்சம் சூடேற்றினால் இன்னும் வேகமாக ஏறும். நீங்கள் தேடும் மாற்றம் ஆயிரத்தில் சில பங்கு, இந்த நகர்வோ பல சதவீதம். எனவே வெற்றிடத்திலேயே, பின்னால் போகப்போகும் உச்ச வெப்பநிலையைவிட நன்றாக மேலே சூடேற்றி, மின்தடை நகராமல் நிற்கும்வரை காத்திருங்கள். ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் வந்து பார்ப்பது உத்தமம். அதன்பின் படலம் உட்கார்ந்திருக்கும் மேடையின் வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றி இறக்கி, மிகச் சிறிய மின்னோட்டத்தில் மின்தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். உட்காரவில்லையா, இன்னும் வாயு கழல்கிறது, மறுபடி காத்திருங்கள்.

படி 6: வெப்பக்கடத்துதிறன், படலத்தின் போக்கிலேயே

எனக்குப் பிடித்த வழி, படலத்தையே அடுப்பாகவும் வெப்பமானியாகவும் ஆக்கிவிடுவது. 2 மில்லிமீட்டர் அகலத் துண்டை இரண்டு தாமிரக் கட்டைகளுக்கு நடுவே 4 மில்லிமீட்டர் தொங்கும்படி வெள்ளிப் பசையால் ஒட்டுங்கள். கட்டைகள் அலுமினா தகட்டின்மேல் உட்காரட்டும், மின்சாரம் குறுக்கே ஓடாது, வெப்பம் மட்டும் இறங்கும். மின்னழுத்தக் கம்பிகளைத் தொங்கும் பகுதியில் ஒட்டாதீர்கள், அவையே வெப்பத்தை உறிஞ்சிவிடும். கட்டையின் உள் விளிம்பில் ஒட்டுங்கள்.

மின்னோட்டம் அனுப்பினால் படலம் சீராகச் சூடேறும், வெப்பம் இரு முனைக்கும் ஓடும், நடுவில் உச்சம். துண்டு முழுவதன் சராசரி வெப்ப உயர்வு என்பது, திறனை நீளத்தால் பெருக்கி, வெப்பக்கடத்துதிறன், குறுக்குப் பரப்பு, 12 ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் வருவது. மின்தடை காட்டுவதும் சரியாக அந்தச் சராசரியைத்தான், அதுதான் இந்த முறையின் அழகு. எண் போட்டுப் பார்ப்போம். 20 மைக்ரோமீட்டர் தடிமன், வெப்பக்கடத்துதிறன் 30 என்றால், சராசரியாக 5 டிகிரி உயர 18 மில்லிவாட் போதும். துண்டின் மின்தடை 2 ஓம், எனவே சுமார் 95 மில்லி ஆம்பியர். மின்தடை மாறுவதோ ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான், ஆறரை இலக்க மல்டிமீட்டர் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். ஒரே ஒரு திறனில் அளந்து முடிக்காமல், திறனை ஏற்றிக்கொண்டே போய் மின்தடைக்கும் திறனுக்கும் வரைபடம் போட்டு, நேர்கோட்டின் சாய்விலிருந்து கணக்கிடுங்கள். குறுக்குப் பரப்புக்குப் பதில் அகலத்தை மட்டும் போட்டால் கிடைப்பது வெப்பக்கடத்துதிறனும் தடிமனும் பெருக்கிய எண். இங்கேயும் தடிமன் தேவைப்படவில்லை பாருங்கள்.

நீளம் ஏன் 4 மில்லிமீட்டர்? கதிர்வீச்சால்தான். படலம் கறுப்பு, அறை வெப்பநிலையில் ஒவ்வொரு பக்கமும் சதுர மீட்டருக்கு டிகிரிக்கு சுமார் 6 வாட் வெளியே போகும். நம் படலத்தில் 3 மில்லிமீட்டர் துண்டுக்கு இது சுமார் 2 சதவீதப் பிழை, 4 மில்லிமீட்டருக்கு 3 சதவீதம், 1 சென்டிமீட்டருக்கோ 20 சதவீதம். நீளத்தின் வர்க்கத்தில் ஏறும், அதுவும் எப்போதும் வெப்பக்கடத்துதிறனைக் கூட்டித்தான் காட்டும். ஆயிரத்தில் ஒரு மில்லிபாருக்கும் கீழே வெற்றிடம் வேண்டும், காற்றிருந்தால் கசிவு பல மடங்காகும். கதிர்வீச்சு பிழை செய்கிறதா என்று சந்தேகமா? வேறு வேறு நீளத்தில் துண்டுகள் வெட்டி அளந்து பாருங்கள், நீளத்தோடு விடை ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். குட்டைத் துண்டில் மட்டும் விடை குறைந்தால், வெள்ளிப் பசைத் தொடர்பில் வெப்பம் தங்குகிறது என்று சந்தேகப்படுங்கள்.

லாக்-இன் பெருக்கி (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் பிடித்து அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் மாறுதிசை மின்னோட்டம் அனுப்பி மும்மடங்கு அதிர்வெண்ணில் மின்னழுத்தத்தைப் பிடிக்கும் 3 ஒமேகா முறைக்குப் போகலாம், தத்துவம் இதேதான். மெல்லிய படலத்தில் கேட்கும் அதிர்வெண்ணில் மாறுமின்னோட்டம் விட்டால் அது பாடவும் செய்யும்! படலத்தின் வெப்பக்கொள்ளளவு அவ்வளவு குறைவு, வேகமாகச் சூடாகி ஆறி, ஒட்டியிருக்கும் காற்றை விரித்துச் சுருக்கி ஒலி எழுப்பும், அதுவும் கொடுத்த அதிர்வெண்ணைப் போல இரு மடங்கில். 2008-இல் பெய்ஜிங் சிங்குவா பல்கலைக்கழகத்தில் இப்படியே ஒலிபெருக்கி செய்து காட்டினார்கள்.

படி 7: தடிமன் வழியே குறுக்காக

குழாய்கள் எல்லாம் படுத்துக் கிடப்பதால் குறுக்கே வெப்பம் போவது படுமோசம், எண் 1க்கும் கீழே வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். லேசர் ஃபிளாஷ் கருவி (ஒரு பக்கம் ஒளித்துடிப்பு அடித்து, மறுபக்கம் எவ்வளவு வேகமாகச் சூடேறுகிறது என்று பார்ப்பது) இருக்கும் இடத்தில் கொடுத்து அளக்கலாம் என்று பலர் 20 மைக்ரோமீட்டர் படலத்தை அனுப்புகிறார்கள். குறுக்கே 0.2 என்று வைத்துக் கணக்குப் போட்டால் பின்பக்கம் பாதி சூடேற ஆகும் நேரம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒளித்துடிப்பே அதைவிட நீளமாக இருக்கும் கருவிகள் உண்டு. நேரம் தடிமனின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் 100 மைக்ரோமீட்டர் படலம் தனியாகச் செய்து கொடுங்கள், பல மெல்லிய படலங்களை அடுக்கிக் கொடுத்தால் அடுக்குகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத்தான் அளப்பீர்கள். வெப்பக் கிரீஸ் தடவி இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து அளக்கும் வழியும் உதவாது, கிரீஸ் துளைக்குள் ஊறிவிடும்.

படி 8: இப்போது தடிமன், அப்புறம் சரிபார்ப்பு

தொடாமல் அளக்கும் ஒளியியல் கருவியோ எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் குறுக்குவெட்டோ பாருங்கள், பல இடங்களில். பிளேடால் வெட்டிய ஓரம் நசுங்கியிருக்கும், அதை நம்ப வேண்டாம். 20 மைக்ரோமீட்டர் என்றால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.5 கிராம், மின்கடத்துதிறன் 50,000 சீமென்ஸ்/மீட்டர். ஒற்றைச்சுவர் குழாய்க் கட்டின் அடர்த்தியே சுமார் 1.3 தான், அதற்கு மேல் வந்தால் எங்கோ உதைக்கிறது.

வெப்பத்தை அடர்த்தியால் வகுத்தால் சுவாரசியமான விஷயம் ஒன்று தெரியும். 30ஐ 500ஆல் வகுத்தால் 0.06, தாமிரத்துக்கு 0.045. மின்சாரத்தில் 65 மடங்கு பின்தங்கிய அதே படலம், எடைக்கு எடை வெப்பத்தில் தாமிரத்தைக் கொஞ்சம் முந்துகிறது. கம்பிக்குப் பதிலாக இதைப் போடலாம் என்ற பேச்சைவிட, எடை பார்க்கும் இடங்களில் சூட்டைப் பரப்ப இதைப் போடலாம் என்ற பேச்சுக்குத்தான் நான் காது கொடுப்பேன்.

அடுத்து வீடமான்-ஃபிரான்ஸ் விதி, அதாவது எலெக்ட்ரான்கள் சுமக்கும் வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் ஒரு நிலையான விகிதம் உண்டு என்பது. அந்த விகிதத்தைச் சொல்லும் லோரென்ஸ் எண்ணை மின்கடத்துதிறனாலும் 300 கெல்வினாலும் பெருக்கினால் எலெக்ட்ரான்கள் சுமக்கும் வெப்பம் வரும். நமக்கு 0.37, மொத்தம் 30இல் ஒரு சதவீதம்தான். மீதியெல்லாம் அணிக்கோவை அதிர்வு (அணுக்கள் சேர்ந்து ஆடும் ஆட்டம்), அதாவது ஃபோனான். இதிலிருந்தே ஒரு நல்ல சோதனை கிடைக்கும். அளந்து முடித்த துண்டுக்குப் பக்கத்தில் வெட்டிய இன்னொரு துண்டை, ஆய்வகத்தில் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள் (ஃபியூம் ஹூட்) வைத்து நைட்ரிக் அமில ஆவியில் காட்டுங்கள். திரவத்தில் முக்கினால் படலம் சுருங்கி இறுகிவிடும், ஆவி போதும். அமிலம் குழாயில் ஒட்டி மின்துளைகளைக் கூட்டுவதால் மின்கடத்துதிறன் சில மடங்குகூட ஏறலாம், வெப்பக்கடத்துதிறன் கிட்டத்தட்ட நகரக்கூடாது. ஆனால் இப்படி ஒட்டிய அமிலம் வெற்றிடத்தில் சூடேற்றினால் கழன்றுவிடும் என்பதால் படி 5இல் சொன்ன சூடேற்றல் இங்கே கிடையாது, மின்தடை நகர்வைக் குறித்துக்கொண்டே வேகமாக அளந்து முடிக்க வேண்டும், பிழை கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். அதற்கு மேலும் வெப்பக்கடத்துதிறன் மின்சாரத்துக்குச் சமமாகத் துள்ளி ஏறினால், படி 5இன் கடைசிக்குத் திரும்பி வெப்பநிலை அளவுகோலை மறுபடி எடுங்கள். அமிலம் பட்ட துண்டுக்கு மின்தடை-வெப்பநிலைச் சாய்வு வேறு, பழைய துண்டின் சாய்வை அப்படியே போட்டுக் கணக்கிட்டிருக்க வாய்ப்பு அதிகம்.